எங்கள் அக்காவும் பால்வாடிக்கு வந்த ஜமுனாவும்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. அக்கா டீச்சராக இருந்த பால்வாடியில் ஆயாவாக வேலை பார்த்தவள் நான். அதனால் இந்த நினைவுக் கட்டுரையைத் தங்கையாகிய என்னையே எழுதச் சொல்லிவிட்டார்கள் வீட்டில். நான் எட்டாம் வகுப்புவரைதான் படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது சோழவந்தான். அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்காலில் வேலை. அக்கா பள்ளி இறுதி வகுப்பு முடித்து, திருமணமாகி மதுரைக்கு வந்தார்கள். நான்காம் வருடமே அத்தான் காலமானார். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் பயிற்சிக்குப் போய், சிம்மக்கல் பக்கம் ஒரு மாதர் சங்கம் நடத்திய பால்வாடியில் சேர்ந்தார்கள்.

மூட்டை தூக்குகிறவர், நெசவாளர், தெருக் கூட்டுகிறவர் என்று எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே உண்டு. பாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் ஒரே வட்டம்தான். தன் பிள்ளையை மற்றப் பிள்ளைகளிடமிருந்து தள்ளி உட்கார வைக்கக் கேட்ட ஒரு தாயிடம் அக்கா, "வட்டத்துல எங்கிட்டு உக்காந்தாலும் பக்கத்துல ஆள் இருக்கும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஆரம்பத்தில் ஒரு தவறு நடந்தது. ஒரு சௌராஷ்டிரப் பையன் ஒரு மாதமாக வாயே திறக்கவில்லை. பேச்சு வரவில்லையோ என்று பயந்து, அக்கா அவன் தாயை அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள்.

"ஊமையா? வீட்டுல இவன் வாயை மூட வைக்க நான் படுற பாடு எனக்குல்ல தெரியும் டீச்சர்!" என்றார் அந்தத் தாய். பையன் உடனே தங்கள் மொழியில் கடகடவென்று பேசிக் காட்டினான். தெருவே சிரித்தது. அதிலிருந்து, வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளை அவசரப்படுத்துவதில்லை என்று அக்கா முடிவு செய்தார்கள்.

அடுத்த வருடம் சித்திரையில் ஜமுனா வந்தாள். மூன்று வயது. அவளும் சௌராஷ்டிர மொழி பேசும் நெசவாளர் வீட்டுப் பெண். பேசமாட்டாள், ஆனால் மற்றப் பிள்ளைகளைப் பார்த்து எல்லாம் செய்வாள். "தமிழ் தானா வந்துரும், விடு" என்றார்கள் அக்கா.

ஆடி மாதம், அவள் முதுகுக்குப் பின்னால் என் கையிலிருந்து அண்டாமூடி விழுந்தது. பிள்ளைகள் எல்லாம் துள்ளி எழுந்தார்கள். ஜமுனா திரும்பவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் சொல்லவில்லை. மறுபடியும் தெரு சிரித்தால் என்ன செய்வது, ஆயாவுக்கு என்ன தெரியும் என்று கேட்டால் என்ன செய்வது என்று பயம். தீபாவளி கழிந்த பிறகுதான் சொன்னேன்.

அக்கா அன்றே அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். ஜமுனாவின் தாய் அழுதார்.

"காது கேக்காதுன்னு தெரியும் டீச்சர். சொன்னா சேத்துக்க மாட்டீங்கன்னுதான் மறைச்சேன்."

"நீ மறைச்சது இருக்கட்டும்மா. இம்புட்டு நாளா பாத்துக்கிட்டிருந்தேனே, எனக்குத் தெரியலையே" என்றார்கள் அக்கா. நான் பின்னால்தான் நின்றேன். ஆடியிலேயே எனக்குத் தெரியும் என்பதை அப்போதும் சொல்லவில்லை.

சங்கத்து அம்மா ஒருவர், "இதுகளுக்குன்னு தனிப் பள்ளிக்கூடம் இருக்கே, இங்க எதுக்கு?" என்று கேட்டார்.

"அங்க அஞ்சு வயசுக்குத்தான் சேக்குறாங்க. அதுவரைக்கும் இந்தப் பிள்ளை தறிக்குழி ஓரத்துலயா உக்காந்திருக்கும்?"

ஜமுனாவை அனுப்பினால் தானும் வரப்போவதில்லை என்று அக்கா சொல்லிவிட்டார்கள். அந்தச் சம்பளத்தை நம்பித்தான் அம்மா, அக்கா, அக்காவின் பிள்ளை, நான் என்று நான்கு பேரும் சாப்பிட்டோம். பத்து நாள் பதில் வரவில்லை. கடைசியில் சங்கத்தார் இருக்கட்டும் என்றார்கள்.

அதன்பின் அக்கா எல்லாப் பாட்டையும் கைச்சாடையோடு சொல்லிக் கொடுத்தார்கள். "என் மகன் வீட்டுல சோறு வேணும்னாலும் கையைத்தான் ஆட்டுறான் டீச்சர், நல்லா இருக்கே!" என்று ஒரு தாய் சண்டைக்கு வந்தார். "சோத்தைப் போட்டீகளா இல்லையா?" என்று அக்கா கேட்க, அவரும் சிரித்துவிட்டார்.

ஐந்து வயதானதும் அக்காவே ஜமுனாவை அந்தத் தனிப் பள்ளியில் சேர்த்தார்கள். இன்று அவள் தையல் வேலை செய்கிறாள். "ஏழு மாசத்தை வீணாக்கிட்டேன்" என்று அக்கா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதில் மூன்று மாதம் என்னுடையது.

சிறுநீரகக் கோளாறில் படுத்த அக்காவைக் கவனித்த டாக்டர்கள், நர்ஸம்மாக்கள், ரத்தம் கொடுத்த தெருப் பிள்ளைகள், சோழவந்தானிலிருந்து வந்து இருந்த உறவினர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஆஸ்பத்திரிக்கு நாள் தவறாமல் கஞ்சி கொண்டு வந்த ஜமுனாவின் தாய்க்கும் நன்றி.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் அவரிடம் போய், அந்த மூன்று மாதத்தைப் பற்றிச் சொன்னேன்.  "அதையும் போடுங்க" என்றார். போட்டிருக்கிறேன்.