புளியமரத்தடிக்கு முதலில் வந்தவர்கள்

போன பௌர்ணமிக்கு முந்தின நாள், பொழுது விடிகிற நேரம். கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலை வளைவில் நடந்துகொண்டிருந்தேன். மலை இன்னும் முழுதாக வந்துசேரவில்லை. பாதி பனியில், பாதி வானத்தில். முன்னால் சிலர் வெறுங்காலில், தூக்கத்தில் நடப்பவர்களைப் போல மெதுவாகப் போனார்கள். காலடிச் சத்தம்கூட இல்லை...

“சார்! நில்லுங்க சார்! உங்களைத்தான் தேடினு இருக்கேன்!”

கனவு கலைந்தது. குமுதா. பாதையோரப் புளியமரத்தடியில் இளநீர் விற்பவர். பௌர்ணமி வியாபாரம்தான் அவர் வீட்டுக்கு மாதம் முழுவதும் சோறு போடுகிறது.

“சாயங்காலம் ரெண்டு கோஷ்டியும் உங்களாண்ட பஞ்சாயத்துக்கு வராங்க. மரத்தடிக்கு யாரு மொதல்ல வந்தாங்கன்னு கேப்பாங்க. பத்திரிகையில சரித்திரம் எழுதறவரு, உங்களுக்குத்தான் தேதியெல்லாம் மனப்பாடமாமே?”

“ஆமா. அதுக்கென்ன?”

“அதுக்கென்னவா? யாரு பேரைச் சொன்னாலும் அடிதடிதான். அடிதடின்னா போலீஸ் வரும். வந்தா, ஒட்டுமொத்தமா எல்லாத்தையும் காலி பண்ணுங்கன்னுவாங்க. அவங்களுக்கு அன்னதானம் இல்லன்னா போவுது, வீட்டுக்குப் போய் தூங்குவாங்க. நான் எங்க சார் போறது?”

விஷயம் இதுதான். பௌர்ணமிதோறும் அந்த மரத்தடியில் அடி அண்ணாமலைக்காரர்கள் நீர்மோர் கொடுப்பார்கள். முன்னின்று நடத்துபவர் ஆட்டோ ஓட்டும் ஏழுமலை. பக்கத்திலேயே கீழ்பென்னாத்தூர்க்காரர்களின் புளியோதரை. அதை நடத்துபவர் வேன் வைத்திருக்கும் சேகர். புளியோதரை தின்றவர் இரண்டடி தள்ளிப் போய் மோர் குடிப்பார். இதைவிட நல்ல ஒப்பந்தம் எந்த இரண்டு நாடுகளுக்கு வாய்த்திருக்கிறது?

அதற்கு முந்தைய பௌர்ணமியில் காற்று அடித்தது. சேகர் பேனரின் கயிறு அவிழ்ந்து, ஏழுமலை பேனரின் மேல் விழுந்தது. அவ்வளவுதான் நடந்தது.

“எங்க ஊர் பேரையே மறைச்சுட்டான்” என்றார் ஏழுமலை. ஆட்டோ ஸ்டாண்ட் முழுதும் அவர் பக்கம். ஆட்டோவில் கூடை ஏற்றும் பூக்கடைக்காரர்களும் அவர் பக்கம். விடுவார்களா வேன்காரர்கள்? சேகரோடு நின்றார்கள். வேன்காரர்கள் வழக்கமாகச் சாப்பிடும் டிபன் கடையும் அங்கே சேர்ந்தது. இவர்களில் ஒருவர்கூட பேனர் விழுந்ததைப் பார்த்தவர் இல்லை.

பிறகு யாரோ மரத்தடியில் ஒரு சூலத்தை நட்டு, விபூதி பூசி, எலுமிச்சம்பழம் குத்திவிட்டார்கள். இனி அதை நகர்த்தினால் தெய்வக் குற்றம். மறுநாள் எதிர்ப்பக்கம் இன்னொரு சூலம். சற்றே உயரமானது.

சிரிக்கிறீர்கள், தெரிகிறது. 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டபோதும், ஐரோப்பாவில் பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ‘நீ அவனோடு, நான் இவனோடு’ என்று முன்பே கைகோத்திருந்த தேசங்கள் ஒன்றையொன்று இழுத்தன. ஆகஸ்ட் 4 அன்று ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. பெல்ஜியம் என்ன தப்பு செய்தது? நடுவில் இருந்தது. குமுதாவின் இளநீர்க் கடை மாதிரி.

ஐரோப்பா வரை போவானேன்? 1767இல் நம் ஊர்ப் பக்கமே மைசூர்ப் படையும் நிஜாம் படையும் சேர்ந்து நின்று கும்பினிப் படையோடு, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியோடு, மோதின. அடுத்த ஆண்டே நிஜாம் கும்பினியோடு கைகுலுக்கிவிட்டார். அந்த நூற்றாண்டில் கோயில் மதிலே கோட்டையாகவும் இருந்திருக்கிறது. பனி விலகாத காலைகளில் நடக்கும்போது எனக்குத் தோன்றும்... இந்த வயல்களில் கூடாரங்கள், அணைந்த அடுப்புகள், எங்கோ கனைக்கும் குதிரைகள். யாருக்காகச் சாகப்போகிறோம் என்று தெரியாத ஒருவன், அண்ணாந்து இதே மலையைப் பார்த்திருப்பான் அல்லவா?

‘நம்ம மண்’ என்ற நினைப்பைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வராது. 1947இல் நமக்கு விடுதலை வாங்கித் தந்ததும் அந்த நினைப்புதானே? புளியோதரைக்கு அடுப்பு மூட்டும் அதே தீதான் பந்தலையும் எரிக்கும். எப்போது அது அடுப்பை விட்டு இறங்குகிறது என்பதுதான் தெரிவதில்லை.

அன்று நடையை முடிக்கும்போது இன்னொன்றும் உறைத்தது. கிரிவலத்தில் இடது ஓரமாகத்தான் நடப்போம். மலையை ஒட்டிய பக்கம் சித்தர்களும் தேவர்களும் நடக்கிற இடம் என்பது நம்பிக்கை. கண்ணுக்கே தெரியாதவர்களுக்குப் பாதி ரோட்டை விட்டுக் கொடுக்கிறோம். கண்ணெதிரே நிற்பவனுக்கு ஒரு பேனர் அகலம் விட முடியவில்லை.

சாயங்காலம், மரத்துக்கு எதிரே டீக்கடை. இரண்டு பெஞ்சுகளில் இரண்டு வல்லரசுகள். நடுவில் நான். மரத்தடியில் குமுதா, இளநீர்க் குலைகளைக் கயிறு போட்டுக் கட்டியபடி, காது மட்டும் எங்கள் பக்கம்.

“சுருக்கா சொல்லுங்க சார். மொதல்ல வந்தது எங்க மோரா, இவங்க புளிச்சோறா?” என்றார் ஏழுமலை.

“புளியோதரைன்னு மரியாதையா சொல்லுப்பா” என்றார் சேகர்.

“உன் புளியோதரையில எண்ணெய் ஜாஸ்தி, புளி கம்மி. அதுக்கு இந்தப் பேரே போதும்!”

“உன் மோர்ல மோரே கம்மிடா!”

பெஞ்சுகள் நகர்ந்தன. எனக்கோ தேதி விஷயத்தில் பொய் வராது. உண்மையைச் சொன்னேன்: “ரெண்டு பேருமே இல்ல. உங்களுக்கு முன்னாடி ஆரணியிலேர்ந்து சிலர் வந்து அந்த மரத்தடியில பானகம் குடுத்தாங்க. நானே வாங்கிக் குடிச்சிருக்கேன். அப்புறம் ஏனோ வரதில்ல.”

எல்லோருமே வந்தவர்கள்தான் என்று புரிந்து அடங்கிவிடுவார்கள். அப்படித்தான் நினைத்தேன்.

“ஆரணிக்காரங்களா? அவங்களுக்கு இங்க இன்னா வேலை?” என்றார் சேகர்.

“அதானே! நாளைக்கே வந்து, இது எங்க எடம்னு நின்னுட்டா?”

“நின்னுடுவாங்களா? வேனைக் குறுக்கால போடறேன்.”

“நீ வேனைப் போடு சேகரு, நான் ஸ்டாண்டையே கூட்டினு வரேன். மாஸ்டர், ரெண்டு டீ! அண்ணனுக்கு சக்கரை கம்மியா!”

சமாதானம் பிறந்துவிட்டது. ஆரணிக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது.

மறுநாள் பௌர்ணமி. கிழக்கே நிலா எழும்பியபோது மலை, நீரில் மிதக்கும் நிழலைப் போல் லேசாகிவிட்டிருந்தது. பாதை முழுவதும் மனிதர்கள், வெள்ளி பூசிய முகங்களோடு மிதந்து போனார்கள். யார் எந்த ஊர் என்று நிலா வெளிச்சத்தில் சொல்ல முடியுமா என்ன? மரத்தடியில் ஒரே பேனர், இரண்டு ஊர்ப் பெயர்களும். சூலங்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள், ஆரணிப் பக்கம் பார்த்தபடி.

குமுதா இளநீர் வெட்டிக் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை அடுத்த காயைச் சீவினார். பிறகு, மோர்ப் பானைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“எடம் பொழைச்சுது சார். ஆனா ஒண்ணு... நான் பொறந்தது ஆரணிங்க. கட்டிக் குடுத்துதான் இங்க வந்தேன். இத்தினி நாளா எவனும் கேட்டதில்ல. இனிமே கேட்டா இன்னா சொல்றது?”

“நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேம்மா.”

“சொல்ல மாட்டீங்க. எழுதிடுவீங்களே!”

எழுதிவிட்டேன்தான், குமுதா. ஆனால் உங்கள் பெயர் குமுதா இல்லை. நீங்கள் பிறந்த ஊரும், அந்தப் பானகக்காரர்களின் ஊரும் ஆரணி இல்லை. ஒரு தேதி பிசகினாலே தூக்கம் வராத நான், தெரிந்தே ஓர் ஊரை மாற்றி எழுதிவிட்டு இன்று நிம்மதியாகத் தூங்கப் போகிறேன்.

ஆரணி வாசகர்கள் மன்னிக்க வேண்டும்... சம்பந்தமே இல்லாத ஓர் ஊரை நடுவில் இழுக்காமல் எந்தச் சமாதானமும் முடிவதில்லை போலிருக்கிறது!