சிலுவையில் ஒரு நட்சத்திரம் அதிகம்

அமிர்தராஜுக்குக் கல்லூரி பௌதிக ஆய்வகத்தில் அட்டெண்டர் வேலை. ஆகஸ்ட் பிறந்துவிட்டால் அவர் வேறு ஆள். திருச்சியிலிருந்து காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கும் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். பொழுது சாய்ந்ததும் வானத்தில் சிலுவை வடிவில் நிற்கும் நட்சத்திரங்களைக் காட்டி, "அந்தா பாருங்க, மாதா வழி காட்டுறாங்க" என்பார். இருபது வருஷப் பழக்கம். அதில் எத்தனை நட்சத்திரம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

1975 ஆகஸ்ட் முப்பதாம் தேதி. தஞ்சாவூர் ரோட்டில் துவாக்குடி தாண்டியதும் வழக்கம்போல் கையை நீட்டியவர், நீட்டியபடியே நின்றுவிட்டார். சிலுவையின் தலைமாட்டில் ஒரு நட்சத்திரம் அதிகம். போன வருஷம் இல்லாதது, பளிச்சென்று நின்றது. அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பக்கத்தில் சகாயம்மாள். அவள் மகனுக்கு இருதயத்தில் ஓட்டை. அடுத்த மாதம் வேலூரில் ஆபரேஷன். அதற்காகத்தான் நேர்ந்துகொண்டு நடக்கிறாள்.

"அடையாளமாண்ணே?"

"பின்ன? உனக்குத்தான் ஏத்தி வச்சிருக்காங்க." சும்மா இருக்க அவர் வாய்க்குத் தெரியாது.

மறுநாள் அது மங்கியது. அதற்கடுத்த நாள் இன்னும். வேளாங்கண்ணி போய்ச் சேர்ந்த அன்று எவ்வளவு தேடியும் அகப்படவில்லை. ஊர் திரும்பியதும் சகாயம்மாள், "மாதாவே கைவிட்டுட்டாங்க, ஆபரேஷன் வேண்டாம்" என்று சொல்லிவிட்டாளாம். அமிர்தராஜ் மறுநாளே கல்லூரியில் தன் பேராசிரியரிடம் போய் நடந்ததைச் சொன்னார்.

பேராசிரியர் இருதயநாதன் விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்தார். அந்த நட்சத்திரத்தை உலகம் முழுக்கப் பார்த்திருக்கிறார்கள். அவர் மட்டும் சம்பந்தி வீட்டு விருந்தில் உட்கார்ந்து கோட்டைவிட்டிருந்தார்.

"அது புது நட்சத்திரம் இல்லப்பா. எரிஞ்சு முடிஞ்ச நட்சத்திரம். பக்கத்து நட்சத்திரத்தோட வாயுவை இழுத்து இழுத்து மேல சேர்த்துக்கிட்டே இருக்கும். ஒரு நாள் அத்தனையும் ஒரே வெடி. வெடிச்சதும் இப்ப இல்ல, சில ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி. வெளிச்சம் இப்பத்தான் வந்து சேர்ந்திருக்கு."

"இயேசுநாதர் பொறக்கிறதுக்கு முன்னாடியாங்க?"

"அநேகமா."

துடைத்துக்கொண்டிருந்த லென்ஸை அமிர்தராஜ் கீழே வைத்தார். கோயிலும் இல்லாத, திருச்சியும் இல்லாத காலத்தில் கிளம்பிய வெளிச்சம் எங்கும் நிற்காமல் வந்து, தார் ரோட்டில் செருப்பில்லாமல் நின்ற தன் கண்ணில் விழுந்திருக்கிறது. நினைக்க நினைக்கக் கும்பிடத்தான் தோன்றியது. அவ்வளவு பெரிய விஷயத்தைப் போய்ச் சகாயம்மாளுக்குப் பட்டா எழுதிக் கொடுத்தோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

சாயங்காலமே பாலக்கரையில் அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். "நான் சொன்னது தப்பும்மா. அது நமக்காக வரல. மங்கினதும் நமக்காக இல்ல."

சகாயம்மாள் மடியில் மகன் மூச்சு வாங்கத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"அப்ப மாதா என்கிட்ட முடியாதுன்னு சொல்லலையாண்ணே?"

"சொல்லலம்மா."

அவள் மகனை எழுப்பாமல் பாயில் கிடத்திவிட்டு, வேலூர் ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேட எழுந்தாள்.