கடலணையில் ஒரு மலைப்பயிற்சி

நெதர்லாந்தில், ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தின் தட்டையான சாலைகளில் முப்பது வருஷமாக மொபெட்டில் தபால் கொடுப்பவள் ஹிங்கே. நோயாளிக் குழந்தைகளுக்கு நிதி திரட்ட ஊரிலிருந்து பன்னிரண்டு மொபெட்டுகள் ஆல்ப்ஸ் மலைக்குப் போகின்றன என்றதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டாள்.

மலையேறிப் பழக வேண்டுமே! ஊரில் மேடு என்று இருப்பது கடல்நீர் உள்ளே வராமல் தடுக்கும் கடலணை ஒன்றுதான். சனிக்கிழமை காலை பன்னிரண்டு பேரும் அங்கே கூடினார்கள். சாமான்களின் எடைக்காக ஒரு மூட்டை உருளைக்கிழங்கைப் பின்னால் கட்டிக்கொண்டு ஹிங்கே கிளம்பினாள். பாதியில் வண்டி முக்கியது. அவள் பெடலை மிதி மிதியென்று மிதித்து உச்சிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

"ஆல்ப்ஸாம் ஆல்ப்ஸ்! இவ்வளவுதானா?" என்று கூவிக்கொண்டே அப்படியே திருப்பி இறங்கினாள். கடல்காற்று முதுகைத் தள்ளியது. சரிவில் மேய்ந்த ஆடுகள் சிதறி ஓடின.

"பிரேக்கப் பிடி!" என்று கத்தினார் பன்னிரண்டு பேரில் ஒருவரான மெக்கானிக் வீபே.

"எந்த பிரேக்க? கம்பி அறுந்து பதினஞ்சு வருஷமாச்சு!"

வண்டி, ஹிங்கே, உருளைக்கிழங்கு எல்லாம் அணையடி வாய்க்காலில்.

"அப்ப இத்தன நாளா எப்படிடி நிறுத்துன?"

தலையில் பாசியோடு எழுந்து அவள் சொன்னாள்: "ஆக்ஸிலேட்டர விட்டா எதிர்காத்தே நிறுத்திடுமே!"

எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் பிரேக்கை அழுத்திப் பார்த்தார்கள், சிரிப்பு நின்றது.

மதியம் வீபேயின் பட்டறையில் பன்னிரண்டு வண்டிகளுக்கும் புதுக் கம்பி மாட்டினார்கள். முதலில் மாட்டியது வீபேயின் வண்டிக்கு.