அண்ணன் மறித்த பாதை

எங்கள் காலனியில் அந்த ஆளின் கொடியை முதலில் கட்டியது என் அண்ணன்தான். இதை எழுதும்போதே வாய் கசக்கிறது. ஆனால் வேறு எங்கிருந்தும் தொடங்க முடியவில்லை.

கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் நான் கிரேன் ஓட்டினேன். அண்ணன் அதே ஆலையில் கான்ட்ராக்ட் கூலி. எங்கள் அப்பா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். நாங்கள் இரும்புக்கு வந்தோம். காலனியில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். பிறகு ஆர்டர் குறைந்தது. முதலில் இரவு ஷிப்ட் போனது, அப்புறம் வாரத்தில் பாதி நாள் ஃபர்னஸை அணைத்துப் போட்டார்கள், ஒரு திங்கட்கிழமை போனால் கேட்டில் பூட்டு. அக்கம்பக்கத்து ஆலைகளிலும் அதே கதைதான். வேலைக்குப் போகிற நேரத்தில் ஆம்பளைகள் எல்லாம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷம் ஓட்டு வாங்கிப் போன கட்சிக்காரர்கள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஆகையால் கோபம் நியாயமானதுதான். அதைக் கொண்டுபோய் எங்கே கொட்டினார்கள் என்பதுதான் என் ஆத்திரம்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் தேர்தலில் நிற்க அந்த ஆள் வந்து இறங்கினார். எந்தக் கட்சியிலும் இருந்ததில்லை என்பதையே பெரிய தகுதியாகச் சொல்லிக்கொண்டார். எந்த ஊர்க்காரர் என்று கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியாது. போஸ்டரில் மட்டும் 'மண்ணின் மைந்தன்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"உன் வேல எங்க போச்சு? வடக்க இருந்து ரயில்ல வந்து எறங்கறான் பாரு, அவன் கையில போச்சு! எனக்கு ஓட்டு போடு. கோர்ட்டும் வேணாம், கேஸும் வேணாம். ஒரே மாசத்துல அத்தினி பேரையும் வந்த ரயில்லயே ஏத்தி உடறேன்!"

கூட்டத்தில் அவர் இப்படிப் பேசியதும் ஒரே விசில். ஆலையைப் பூட்டிப் போட்டவரைப் பற்றி அந்த வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. மேடையில் அவருக்குப் பின்னால் சேர் போட்டு உட்கார்ந்திருந்தது யார் என்றால், எங்கள் சுடுகாட்டுப் பாதைக்கு இரண்டு பக்கமும் வயல் வைத்திருக்கும் ஊர்த்தெருக்காரரின் மகன். அண்ணன் அதையும் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் கை தட்டினார்.

அண்ணன் வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஓர் அறை உண்டு. அதில் மனைவியோடும் சின்ன மகளோடும் ஒரு பீகார்க்காரர் வாடகைக்கு இருந்தார். காலனியே அவரை 'பையா' என்றுதான் கூப்பிடும், இந்தியில் அண்ணன் என்று அர்த்தம். ஆலையில் என் கிரேனுக்குச் சிக்னல் கொடுத்தவர் அவர். மேலே கேபினில் இருப்பவனுக்குக் கீழே நடப்பது பாதிதான் தெரியும். அவர் கை காட்டுவார், நான் தூக்குவேன். விசில் ஊதுவார், நிறுத்துவேன். பழுக்கக் காய்ச்சிய இரும்பை ஆட்கள் தலைக்கு மேல் கொண்டுபோகும்போது நான் நம்பியது அந்த ஒரு கையைத்தான். எங்கள் ஷிப்டில் ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. ஆலையைப் பூட்டியபோது அவரும்தான் தெருவில் நின்றார். பறித்துக்கொண்டு போக அவருக்கு மட்டும் எங்கே வேலை இருந்தது?

வீட்டில் உலை வைக்க வேண்டுமே என்று லாரிக்கு மூட்டை ஏற்றப் போனார். சித்திரை வெயில். மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் போய்விட்டார். அவர் மனைவி அழுகையை அடக்கிக்கொண்டு என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஊர் வரைக்கும் எடுத்துக்கொண்டு போக வழியில்லை, இங்கேயே நல்லபடியாக எரித்துவிட முடியுமா? இதற்கென்ன யோசனை என்று நான்தான் வாக்குக் கொடுத்தேன். விறகு அடுக்கவும் ஆள் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் காலையில் அண்ணன் வீட்டுப் பின்பக்கத்திலிருந்துதான் பாடை கிளம்பியது. முன்பக்கம் ஒரு தோள் என்னுடையது. மற்ற மூவரும் பீகார்க்காரர்கள். அந்த ஊர் வழக்கமோ, ஆள் இல்லாத குறையோ, மனைவியும் மகளைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். அண்ணனைக் காணவில்லை. விறகு சரியாக இருக்கிறதா என்று பார்க்க முன்னால் போயிருப்பார் என்று நினைத்தேன். அப்படியும் ஒரு முட்டாள் நான்.

சுடுகாட்டுக்குப் போகும் சிமென்ட் பாதை தொடங்கும் இடத்தில் கொடியோடு ஒரு கும்பல் நின்றது. எல்லாம் காலனி ஆட்கள்தான். முன்னால் அண்ணன்.

அந்தப் பாதையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் அப்பா செத்தது ஐப்பசி மழையில். வரப்பு மேல் பிணம் வரக்கூடாது என்று வயல்காரர்கள் தடுத்துவிட்டார்கள். மார்பு வரைக்கும் ஏரித் தண்ணீரில் இறங்கி அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனோம். அடுத்த சாவு விழுந்தபோது அண்ணன் பிணத்தை மெயின் ரோட்டில் இறக்கி வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். போலீஸ் அடியில் அவருடைய இடது கை உடைந்தது. சரியாகக் கூடாமல் இன்றைக்கும் முழங்கையில் வளைந்தேதான் இருக்கிறது. அந்த அடிக்குப் பிறகுதான் பாதை வந்தது, சிமென்ட் வந்தது. அந்த வளைந்த கையை நீட்டித்தான் அண்ணன் எங்களை நிறுத்தினார்.

"இங்க எரிக்கக்கூடாது. அவங்க ஊருக்கு எடுத்துனு போவச் சொல்லு."

"இன்னாண்ணா பேசற? உன் ஊட்ல இருந்தவருதான?"

"இருந்தாரு, வாடக குடுத்தாரு. அத்தோட சரி. இன்னிக்கி ஒரு பொணத்த உட்டா நாளிக்கி சுடுகாடே அவனுங்களுதாப் பூடும்."

அப்பாவின் பிணத்தை வரப்பில் மறித்துக்கொண்டு வயல்காரர் பேசிய பேச்சு அது. ஒரு பிணத்தை விட்டால் நாளைக்கு நிலமே அவன்களுடையதாகிவிடும் என்றார். அன்றைக்கு அதைக் கேட்டுக்கொண்டு நின்றவர்களில் அண்ணனும் ஒருவர்.

"இது யாரு அடி வாங்கிப் போட்ட வழிண்ணா?"

"நான் அடி வாங்கிப் போட்ட வழிடா. அதான் நான் சொல்றேன்."

பின்னால் நின்றவர்கள் கை தட்டினார்கள். பிணத்துக்கு முன்னால் கை தட்டினார்கள். அப்பாவோடு ஏரியில் இறங்கிய ஆட்கள் அதில் இருந்தார்கள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போய் பைபிள் வாசிக்கிறவர்கள் இருந்தார்கள். ஒருவரும் கண்ணைத் தாழ்த்தவில்லை. வேலை போனால் மனுஷன் சோற்றுக்குச் சாவான் என்று தெரியும். இவ்வளவு மட்டமாகவும் ஆவான் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். துப்ப வேண்டும் போல இருந்தது. தோளில் பாடை இருந்ததால் துப்பவில்லை.

திரும்பினோம். ஒரு குட்டியானை வண்டி பிடித்து, வந்த வழியே பட்டணத்து மின்மயானத்துக்குக் கொண்டுபோனோம். வண்டியின் பின்பக்கம் அவர் மனைவி புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். மகள் மடியில் தூங்கிவிட்டாள். நான் அண்ணனை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே வந்தேன். மீஞ்சூர் தாண்டியதும் அந்த அம்மாள் என் கையைத் தொட்டார்.

"அண்ணா, அவர்கிட்ட சண்டை வேணாம். ரூம் காலி பண்ணச் சொல்வார். பாப்பா ஸ்கூல் இங்கதான்."

துண்டை விரித்துப் பாப்பாவின் முகத்தில் வெயில் படாமல் பிடித்துக்கொண்டேன்.

சண்டை போடாமல் இருந்தும் ஒன்றும் ஆகவில்லை. வாக்குப்பதிவுக்கு முன்பே அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் அண்ணன். தாயும் மகளும் ரயிலேறிப் போனார்கள். "பாத்தியா, இப்பவே ரெண்டு கொறஞ்சிது" என்று அண்ணன் டீக்கடையில் சொல்லிச் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன்.

அந்த ஆள் ஜெயித்தார். எங்கள் பூத்தில் அவருக்கு விழுந்த அளவுக்கு வேறு யாருக்கும் விழவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் அண்ணன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஆள் உயர மாலையோடு காலனி முனையில் நின்றார். பட்டாசு வெடித்துக்கொண்டு ஊர்வலம் மெயின் ரோட்டில் வந்தது. திறந்த ஜீப்பில் ஜெயித்தவரும், பக்கத்தில் வயல்காரரின் மகனும். எங்கள் பக்கம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேராக ஊருக்குள் போய்விட்டார்கள். அங்கே வயல்காரர் வீட்டில் விருந்து. காலனிக்குள் வண்டி திரும்பவே இல்லை.

இருட்டுகிற நேரத்தில் அண்ணன் லட்டுப் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தார். "டைம் இல்ல போலக்கீது அவருக்கு" என்று அவரே ஆரம்பித்தார். நான் லட்டைத் தொடவில்லை. அவருக்கு முகம் சுண்டிவிட்டது.

"இன்னாடா, எவனுக்கோ தோள் குடுத்த. நாளிக்கி நான் செத்தா தூக்க மாட்டியா?"

"தூக்குவேண்ணா. எவனாவது வழியில நின்னு மறிச்சா, எறக்கி வெச்சிட்டு வந்துருவேன்."

அண்ணன் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்தார்.

"போடா. இனிமே நம்மள எவன்டா மறிக்கப் போறான்?"

சத்தியமாக அப்படித்தான் நம்பினார்.