சோதனை யாருக்கு?

அறையில் நான், மனைவி கோமதி, டாக்டர், நர்ஸ் என்று நான்கு பேர் இருந்தோம். அம்மா இல்லை. குழந்தைக்காக வைத்தியம் பார்க்கும் இடத்தில் என் அம்மா பக்கத்தில் இல்லாமல் கோமதி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நியூசிலாந்தில் ஆக்லாந்துக்கு வந்து ஒரு குளிர்காலம் முடிந்திருந்தது. நர்ஸ் மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பாவை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக் கோமதியிடம் கொடுத்தேன். அவளும் பழக்கதோஷத்தில் எழுந்து பாத்ரூம் எந்தப் பக்கம் என்று பார்த்தாள். நர்ஸ் பதறிப்போய், "நோ, நோ" என்று என்னைக் காட்டினாள். எனக்கு எதற்கு என்று விளங்கவில்லை. "ஸெமன் அனாலிசிஸ். முதலில் கணவரிடமிருந்துதான் ஆரம்பிப்போம்" என்றார் டாக்டர், மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற குரலில். விந்தணுச் சோதனையாம்.

திண்டுக்கல்லில் எங்கள் வழக்கம் வேறு. பெங்களூரில் வேலை பார்த்த நான் சனிக்கிழமை பஸ் ஏறி வருவேன். வாரநாட்களில் அம்மாதான் தாடிக்கொம்புக்குப் பக்கத்திலிருந்த எங்கள் வீட்டிலிருந்து கோமதியைக் கூட்டிக்கொண்டு டவுனில் ஒவ்வொரு டாக்டராக ஏறி இறங்குவார். ஃபாலிக்குலர் ஸ்டடி என்று ஸ்கேனில் முட்டை வளர்வதைப் பார்த்தார்கள். கருக்குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்த அன்று அவளால் ஆட்டோவில் உட்கார முடியவில்லை. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான் என்பதால் ரிப்போர்ட்டுகளை வாசித்து அர்த்தம் சொல்வது என் வேலை. "எல்லாம் நார்மல்னுதாம்மா போட்டிருக்கு" என்பேன். "நார்மல்னா ஏன்டா தங்க மாட்டேங்குது? வேற டாக்டரப் பாப்போம்" என்பார். கணவரை வரச் சொல்லுங்கள் என்று ஒரு டாக்டரம்மா கேட்டபோது, "அவனுக்கென்ன, கல்லு கணக்கா இருக்கான்" என்று அம்மா எழுந்து வந்துவிட்டாராம்.

ஆலிகோஸ்பெர்மியா என்று முடிவு வந்தது. விந்தணுக்கள் குறைவு. இத்தனை வருடம் அவளுடைய உடம்பைப் பற்றி இங்கிலீஷில் வாசித்துச் சொன்ன எனக்கு, என் உடம்பைப் பற்றிய ஒரு சொல்லைத் தமிழில் சொல்ல வாய் வரவில்லை. கோமதி அழவில்லை. "ஏங்க, ஒங்க தங்கச்சி கல்யாணத்துக்கு நான் வரணும்னா அத்தைட்ட இதச் சொல்லுங்க. இல்லாட்டி நீங்க மட்டும் போயிட்டு வாங்க. அம்புட்டுப் பேரும் விசேஷமான்னு என் வயித்தப் பாக்குறத இன்னொருக்கா என்னால தாங்க முடியாது" என்றாள்.

போன் கார்டைச் சுரண்டி நம்பர் போட்டேன். விஷயத்தைக் கேட்டதும் அம்மா, "ஏலே, வெளிய சொல்லிறாத. கொறை அவளுக்குத்தான்னே இருக்கட்டும்" என்றார். கோமதி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இக்ஸி செய்தோம். ஒரு விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்தும் முறை அது. முட்டைகள் திரளக் கோமதி தினமும் தன் வயிற்றில் தானே ஊசி போட்டுக்கொண்டாள். இதை அம்மாவிடம் சொன்னபோது, "கொறை ஒனக்குன்னா ஊசி எதுக்குடா அவளுக்கு?" என்று கேட்டார். மூன்று கருக்கள் உருவாயின. ஒன்றை உள்ளே வைத்தார்கள், மற்ற இரண்டையும் அடுத்த முறைக்கென்று அங்கேயே பத்திரப்படுத்தினார்கள். வைத்தது தங்கவில்லை. அன்றைக்கு அம்மாவே, "போன அவகிட்ட குடுடா" என்றார். என்ன பேசினார்களோ, கோமதி தானாகவே கல்யாணத்துக்குப் பெட்டியை எடுத்து வைத்தாள்.

கல்யாண மண்டபத்தில் செம்பட்டிப் பெரியம்மா பந்தியிலேயே பிடித்துக்கொண்டார். "என்னடி, வெளிநாடு போயும் ஒண்ணுமில்லையா?" கோமதி இலையைப் பார்த்துக் குனிந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், சாம்பார் வாளியோடு வந்த அம்மா நின்றார்.

"அவளுக்கு ஒரு கொறையுமில்லக்கா. கொறை என் மகனுக்கு. வைத்தியம் நடக்குது. அங்க ரெண்டு கரு எடுத்து வச்சிருக்காக."

"எங்கடி வச்சிருக்கு?"

"ஐஸ் பொட்டியில. நீங்க சாப்டுங்க."

பெரியம்மா கையில் பிடித்த அப்பளத்தோடு அப்படியே இருந்தார். கோமதி நிமிர்ந்து, இன்னும் கொஞ்சம் சாம்பார் கேட்டாள்.

அன்றிலிருந்து எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. திண்டுக்கல்லில் வெயில் அடித்தால் ஆக்லாந்தில் கரண்ட் போயிருக்குமோ என்று நினைக்கிறேன். இங்கே சொந்தம் அத்தனை பேரும் இருக்கிறார்கள். எங்களுக்குப் பிறக்க வேண்டிய இருவர் அங்கே உறைந்து கிடக்கிறார்கள். பாதுகாப்புக் கட்டணம் உட்பட இதுவரை ஆனது பதினோராயிரத்து நானூறு டாலர். அம்மாவுக்குப் புரியும்படி சொன்னால், மூன்று லட்சத்து முப்பதாயிரம்.