மஞ்சளிலும் ஊதாவிலும் என் தம்பி

எனக்குப் பொறுமை கிடையாது. டைப்பிங் கடையில் வேலை பார்க்கிறவளுக்குப் பொறுமைதான் முதல் தகுதி என்று முதலாளி சொல்லிக்கொண்டே இருப்பார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே கடை. மனு, வாடகை ஒப்பந்தம், வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பம் என்று நாள் முழுக்க அடுத்தவர் வீட்டுக் கதையைத் தட்டிக்கொண்டிருப்பேன். ராஜபாளையத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து சாயங்கால பஸ்ஸில் திரும்புவேன். தம்பி காணாமல் போனபோது எங்கள் வீட்டுக் கதையையும் நானே தட்டினேன்.

பஞ்சாலையில் மூன்று வருடம் ஷிப்ட் பார்த்தவன் அவன். "கம்ப்யூட்டர் வேலைக்கா, ஏசி ரூமு" என்று சொல்லி பாங்காக்குக்கு விமானம் ஏறினான். முதல் சில வாரங்கள் தினமும் மத்தியானம் போன் வரும். அம்மாவிடம் முதல் கேள்வியே, "இன்னைக்கு என்ன கொழம்பு?" என்பதுதான். வீட்டில் இருக்கிற நாளில் நான் போனைப் பிடுங்கி, "அம்புட்டுத் தூரத்துல இருந்துக்கிட்டு எங்க கொழம்பு ஒனக்கு என்னத்துக்குலே?" என்று ஏசுவேன். "இங்க வரைக்கும் மணக்குதுக்கா" என்பான். கடைசியாகப் பேசிய அன்று குழம்பைப் பற்றிக் கேட்கவில்லை. "பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்கிட்டாங்கக்கா. வேற எங்கயோ கூட்டிட்டுப் போறாங்க" என்றான். பிறகு போனே வரவில்லை.

புகாரை வாங்கிய பெண் எஸ்.ஐ. நல்ல மனுஷி. எனக்கு விளங்கும்படி சொன்னார். நாடு விட்டு நாடு போலீஸ்காரர்கள் ஒருவருக்கொருவர் எச்சரிக்கை அனுப்பிக்கொள்வார்களாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். தேடப்படும் குற்றவாளிக்குச் சிவப்பு, காணாமல் போனவர்களுக்கு மஞ்சள். "ஒன் தம்பிக்கு மஞ்சள் கேப்போம்மா. இங்கருந்து சென்னை, அங்கருந்து டெல்லி, டெல்லியிலருந்துதான் வெளிநாடு. ஆளை அடையாளம் காட்டுற மாதிரி எழுதிக் குடு" என்றார்.

அங்க அடையாளம் என்ற இடத்தில், அவனுடைய பத்தாம் வகுப்புச் சான்றிதழைப் பார்த்து அப்படியே அடித்தேன். வலது முழங்கையில் ஒரு மச்சம், இடது கன்னத்தில் ஒரு மச்சம். வீட்டில் வந்து சொன்னதும் அம்மா திகைத்துவிட்டாள். "அவனுக்கு ஏதுட்டி மச்சம்?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிள்ளைகளை ஏறிட்டும் பார்க்காமல், ஆளுக்கு இரண்டு மச்சம் என்று எழுதிக்கொண்டே போவார். என் சான்றிதழிலும் அதே முழங்கை, அதே கன்னம். எங்கள் ஊரில் பாதிப் பேர் இல்லாத மச்சத்தோடுதான் நடமாடுகிறோம். அந்த மச்சத்தை வைத்து என் தம்பியை உலகம் பூராவும் தேடச் சொன்ன கூறுகெட்டவள் நான். மறுநாள் ஓடிப்போய்த் திருத்திக் கொடுத்தேன். செட்டியார்பட்டியில் கபடி ஆடப் போய் முன்பல்லைப் பாதி உடைத்துக்கொண்டு வந்தவன் அவன். அதை எழுதினேன்.

சில மாதம் கழித்து அதே எஸ்.ஐ. கடைக்கு வந்தார். இந்த முறை ஊதா நிற எச்சரிக்கை. அதில் ஆள் இருக்காது, ஆட்களின் தந்திரம் இருக்கும். எப்படிப் பேசுகிறார்கள், எப்படி நம்பவைக்கிறார்கள் என்று ஒரு நாட்டுப் போலீஸ் கண்டுபிடித்ததை மற்ற நாடுகளுக்குச் சொல்வது. அதன் சுருக்கத்தைத் தமிழில் நோட்டீஸாக அடித்துத் தரவேண்டும். அடித்துக்கொண்டே வந்தேன். வேலை என்று வெளிநாட்டுக்குக் கூட்டிப்போன பிள்ளைகளை அடைத்துவைத்து, போனில் பேசிப் பணம் பறிக்க வைக்கிறார்களாம். பேசுபவர் முதலில் பணத்தைப் பற்றி வாயே திறக்கமாட்டார். பென்ஷன் ஆபீஸ் என்பார். வயதானவர்களிடம் அவர்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசுவார். சாப்பிட்டீர்களா, இன்று என்ன குழம்பு என்று கேட்பார்.

கை அப்படியே நின்றுவிட்டது.

"மேடம், இது என் தம்பி கேக்குற கேள்வி" என்றேன்.

"நம்ம பக்கம் எல்லாருந்தாம்மா கேப்பாங்க."

"அவனாவே இருந்துட்டா?"

"அடிச்சுப் பேச வைக்கிறாங்கன்னா அவனும் பாதிக்கப்பட்டவன்தான். அதைப் பொறவு நிரூபிச்சுக்கலாம். மொதல்ல ஆளு உசுரோட இருக்கான்னு தெரியணும்லா" என்றார்.

நோட்டீஸின் கடைசி வரியையும் நான்தான் அடித்தேன்: தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்காதீர்கள், சமையலைப் பற்றி விசாரித்தால் உடனே துண்டித்துவிடுங்கள். ஊரெல்லாம் ஒட்டினார்கள், எங்கள் தெரு முனை டீக்கடையிலும். எங்கள் வீட்டில் மட்டும் தெரியாத எண் என்றால் அம்மா ஈரக்கையோடு ஓடி வருவாள். லோன் வேண்டுமா என்று கேட்கும் பெண்ணிடம்கூட "நீ எங்கருந்து தாயி பேசுத?" என்று விசாரிப்பாள். நான் சிரிப்பேன். அவளுக்கு முன்னால் நான் எடுத்துவிடுகிற நாளும் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விநோதமான ஒரு எண். எடுத்தேன்.

"அம்மா, பென்ஷன் ஆபீஸ்ல இருந்து பேசுதேன். சாப்டாச்சா? இன்னைக்கு என்ன கொழம்பு?"

நம் பக்கத்துப் பேச்சு. சின்ன வயசுக் குரல். அவன் குரல் இல்லை. நானே அடித்த நோட்டீஸ்தான், துண்டித்திருக்க வேண்டும். முடியவில்லை. எத்தனை மாதமாயிற்று இந்தக் கேள்வியைக் கேட்டு!

"கத்திரிக்கா புளிக்கொழம்பு. நீ சாப்டியாய்யா?" என்றேன்.

அவனுக்குப் பின்னால் பலபேர் பேசும் இரைச்சல் கேட்டது. விட்டால் போச்சு என்று கடகடவென்று சொன்னேன். "என் தம்பியும் அங்கதாம்யா கெடக்கான்னு நெனைக்கேன். ராஜபாளையத்துப் பையன். முன்பல்லு பாதி ஒடஞ்சிருக்கும். பாத்திருக்கியா?"

"ஆதார் நம்பரைச் சொல்லுங்கம்மா" என்றான் சத்தமாக. யாரோ பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். "லைன்லயே இருங்க, ஒரு லிங்க் வரும்" என்றான். அப்புறம் குரல் கீழே இறங்கியது. "பாதிப் பல்லு இல்லக்கா. இப்ப அந்த எடத்துல ரெண்டு பல்லு கெடையாது. ஆளு இருக்காரு. நீங்க வையிங்க."

அவனே துண்டித்துவிட்டான்.

அம்மா ஈரக்கையோடு நின்றாள். "யாருட்டி?" என்றாள்.

"அவன் இருக்காம்மா" என்றேன். பல்லைப் பற்றிச் சொல்லவில்லை. அவள் அப்படியே உட்கார்ந்து, "சாப்பிட்டானாமா?" என்று கேட்டாள். ஆமாம் என்று பொய் சொன்னேன். அழுகையும் வந்தது, பாழாய்ப்போன சந்தோஷமும் வந்தது.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய், கடையைத் திறந்ததும் திருத்த மனுவை அடித்தேன். அங்க அடையாளம்: முன்பற்கள் இரண்டு இல்லை. மூன்றே சொல். அதை அடிக்க எனக்கு அவ்வளவு நேரம் ஆயிற்று.

எஸ்.ஐ. வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "ரெண்டு தடவை மாத்தியாச்சு. இதாவது உறுதியாம்மா?"

"உறுதிதான் மேடம்" என்றேன். "இந்தத் தடவை அவனைக் கண்ணால பாத்தவன் சொன்னது."