வலது மைனாவும் பாலாற்று வெள்ளமும்

ஜெயசீலன் அண்ணன் போய்ட்டார். இன்று மதியம் பேரணாம்பட்டில் அடக்கம் முடிந்தது.

இப்போது ஒரு கதை சொல்லப்போகிறேன். சத்தியமாக உங்களில் ஒருத்தரும் நம்பப்போவதில்லை. என் மருமகப் பிள்ளைகள் வழக்கம்போலக் கீழே கமென்ட்டில் சிரிப்புப் பொம்மை போடுவார்கள். போடுங்கள்...

தொண்ணூறுகளில் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. கட்டிங் செக்‌ஷனில் அண்ணனுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து டேபிள். உலகத்தில் பாதிப் பேர் நாங்கள் வெட்டிய தோலில்தான் நடந்தார்கள். மீதிப் பேர் வெறுங்காலோடு நின்று ஏங்கினார்கள்.

அண்ணனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. லினோகட்.

அவர் மனைவி நர்ஸ். வார்டுக்குப் புதுத் தரை போட்டபோது கழித்துப்போட்ட லினோலியம் ஷீட்டை அண்ணி சுருட்டிக்கொண்டு வந்தார். அதில் கத்தியால் படம் செதுக்கி, மை தடவி, மேலே பேப்பர் வைத்து ஸ்பூன் முதுகால் தேய்ப்பார் அண்ணன். உரித்தால் குருவி.

என்ன குருவி! அவருடைய காக்காய் பிரிண்டை கேன்டீனில் ஒட்டினோம். மறுநாள் ஆம்பூர்க் காக்காய் அத்தனையும் ஜன்னலில் வந்து சொந்தம் விசாரித்தன. மீன்கொத்தியை ஒட்டிய வீட்டில், கொதிக்கிற குழம்பிலிருந்து மீன் எகிறிக் குதித்து ஓடியது. நான் பார்த்தேன்.

டீ ஆற்றுகிறவர், ஷிப்ட் பஸ்ஸுக்கு ஓடுகிற பெண்கள், எல்லாரையும் செதுக்கினார். நான் விடுகிற புளுகுகளையும் விடவில்லை. காலையில் நான் ஒரு கதை விட்டால், அந்த வாரமே அது படமாகிவிடும்.

ஆனால் ஷூக்காரர் கை போகுமா? எதை வெட்டினாலும் ஜோடிதான். இடது ஒன்று, வலது ஒன்று. பின்னால் பென்சிலில் எல், ஆர் என்று குறிப்பு வேறு.

“இன்னாண்ணே, மைனாவுக்கு எதுக்கு லெஃப்ட்டு ரைட்டு?”

“ஒத்த ஷூவ எந்த பையர்டா வாங்குவான்?”

ஒரு கிறிஸ்துமஸுக்கு வலது மைனாவை எனக்குக் கொடுத்தார். இடதை அவர் வைத்துக்கொண்டார். “பத்திரம்டா மனோ. பக்கத்துல வெச்சாதான் ஒண்ணு மூஞ்சிய ஒண்ணு பாக்கும்.”

அப்புறம் ரிட்டயர் ஆகி பேரணாம்பட்டுக்குப் போனார். அண்ணி தவறிப்போனார். மகள் கல்யாணமாகி பெங்களூர். வீட்டில் அவரும் சுவர் நிறைய இடது பறவைகளும்.

ஒருநாள் போன். “டேய், அந்த ரைட்டு மைனாவ எடுத்துட்டு வாடா. ஒரு தடவ ஜோடியா பாத்துடறேன். பேச்சுத் தொணைக்கு ஆள் இல்ல, ஒரே பேஜாரா இருக்கு.”

ஆம்பூரிலிருந்து ஒரே பஸ்தான், மாறக்கூட வேண்டாம்.

ஆனால் மைனா என்னிடம் இல்லை. வீடு மாறியபோது எங்கேயோ தொலைத்துவிட்டேன். அதை எந்த வாயால் சொல்வது? வழக்கமான வாயால் சொன்னேன்.

“பாலாத்துல வெள்ளம்ண்ணே. பஸ்ஸெல்லாம் மெதக்குது.”

நம் பாலாற்றில்! மணலைத் தவிர எதையும் பார்க்காத பாலாற்றில்!

“ஜாஸ்தியா?” என்றார் அண்ணன்.

“கழுத்தளவு.”

“சரி. வடிஞ்சதும் வா.”

பத்து நாளில் தபாலில் ஒரு கவர் வந்தது. உள்ளே ஒரு பிரிண்ட்... படகு. படகின் ஒரு முனையில் வலது மைனா. புதிதாக வெட்டியது. கோடெல்லாம் நடுங்கியிருந்தது. மறு முனை காலி.

பின்னால் பென்சிலில் ஆர்.

நான் தொலைத்தது அவருக்குத் தெரிந்துவிட்டது. அப்போதாவது போயிருக்கலாம். வெட்கம். அப்புறம் வருஷங்கள்...

கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் போன் செய்வார். “வெள்ளம் வடிஞ்சுதாடா?” “இன்னும் இல்லண்ணே.” இரண்டு பேரும் சிரிப்போம். வைத்துவிடுவோம்.

இன்று பஸ்ஸில் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினேன். கீழே மணல். அதில் நாலு பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் மகள் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அங்கிள், போன வாரம் அப்பா சொன்னாரு, மனோ வந்தான்னா வெள்ளம் வடிஞ்சுதான்னு கேளுன்னு. இன்னா வெள்ளம் அங்கிள்?”

என் வாயில் ஒரு பொய்கூட வரவில்லை.

உள்ளே சுவரில் இடது மைனா. அதன் பக்கத்தில் ஒரு ஆணி மட்டும் இருந்தது. கையோடு கொண்டுபோயிருந்த கவரிலிருந்து படகை எடுத்து அதில் மாட்டினேன். ஒன்று மூஞ்சியை ஒன்று பார்த்தது. எல்லாரும் கல்லறைக்குக் கிளம்பிவிட்டார்கள்... நான் கொஞ்சம் நின்றுவிட்டுப் போனேன்.

வடிஞ்சிடுச்சுண்ணே. போய்ட்டு வாங்க.

மற்றபடி, காக்காய் விசாரித்தது பொய். மீன் ஓடியது பொய். வெள்ளம் பெரும் பொய்.

படகு மட்டும் நிஜம்.